துடுப்பு இயந்திரத்தில் ஏரோபிக் திறனை அளப்பது எப்படி: கோலாலம்பூர் வெப்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உடற்பயிற்சி அறைக்குள் நுழைந்தால், ஓட்டப்பொறிகளில் ஆள் இருக்கும். மூலையில் துடுப்பு இயந்திரம் காலியாகக் கிடக்கும். யாராவது உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடம் ஆவேசமாக இழுத்து, மூச்சுத் திணறி, எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த அறையில் உங்கள் ஏரோபிக் திறனை, அதாவது உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை, ஓரளவு நம்பிக்கையோடு அளந்து சொல்லக்கூடிய கருவி அதுதான். நீங்கள் செய்யும் வேலையை வாட் கணக்கில் காட்டும். அதோடு ஓர் இதயத் துடிப்புப் பட்டையும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

எண்களுக்குள் போகும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் வாட், இயந்திரம் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. இதயத் துடிப்பு, அதற்கு உங்கள் உடல் கொடுத்த விலை. சமதளத்தில் ஓடும் காரும் கெந்திங் மலையேறும் காரும் ஒரே வேகத்தைக் காட்டலாம். பெட்ரோல் கணக்குதான் வேறு. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் அந்த மலையேற்றத்தைப் போன்றவை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைகள் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியரிடையே. ஆகவே இதைச் சம்பிரதாய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் முழுவேகச் சோதனைக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு நீண்ட பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத் துடிப்பு உயராமல் தடுக்கப்படும். அவர்களுக்குக் கீழே வரும் துடிப்புக் கணக்குகள் பொருந்தா; படி 6இல் வரும் பேச்சுச் சோதனைதான் வழி.

படி 1: இயந்திரத்தை ஒரே நிலையில் வைத்தல்

காற்றுவிசிறி வைத்த கான்செப்ட்2 வகை இயந்திரம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காந்தத் தடை கொண்ட மலிவான இயந்திரங்களும் 500 மீட்டர் நேரம் என்று ஏதோ ஒன்றைக் காட்டும். அந்த எண்ணை உங்களுடைய பழைய எண்ணோடு ஒப்பிடலாம். சூத்திரங்களில் போடக் கூடாது.

விசிறிக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை நகரும் டேம்பர் நெம்புகோல் இருக்கும். புதியவர்கள் இதைப் பத்தில் வைப்பது நம் ஊர் வழக்கம். பத்தில் வைத்தால் கூடுதல் பயிற்சி கிடைக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கிடைப்பது முதுகுவலி. நெம்புகோலின் எண் கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழைகிறது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. உண்மையான தடையைக் காட்டுவது டிராக் ஃபேக்டர். மானிட்டரின் கூடுதல் விருப்பங்களில் அதைத் திறந்து, பத்துப் பதினைந்து முறை இழுத்தால் எண் தெரியும். 110க்கும் 130க்கும் இடையில் வருமாறு நெம்புகோலை நகர்த்துங்கள். கூண்டில் தூசி அடைத்த பழைய இயந்திரத்தில் நெம்புகோலை 6இல் வைத்தால்தான் கிடைக்கும் தடை, புதியதில் 4இலேயே கிடைத்துவிடும். அதனால் நெம்புகோல் எண்ணைக் குறிக்காதீர்கள். டிராக் ஃபேக்டரைக் குறித்து, ஒவ்வொரு சோதனையிலும் அதையே வையுங்கள்.

படி 2: திரையின் மூன்று எண்கள்

திரையில் நிறைய எண்கள் ஓடும். நமக்கு வேண்டியவை மூன்று: 500 மீட்டருக்கு ஆகும் நேரம், வாட், நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு. நேரமும் வாட்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள். ஒரு மீட்டருக்கு ஆகும் நொடியை மும்மடிக்கு உயர்த்தி (நொடி × நொடி × நொடி), 2.80ஐ அதனால் வகுத்தால் வாட் வரும். 500 மீட்டருக்கு 2:00 என்றால் மீட்டருக்கு 0.24 நொடி, சுமார் 203 வாட். 2:30 என்றால் 104 வாட்.

மும்மடி வருவதால் ஒரு விசித்திரம் உண்டு. 2:30இலிருந்து 2:25க்கு இறங்க 11 வாட் கூட்டினால் போதும். 2:10இலிருந்து 2:05க்கு இறங்க 20 வாட் வேண்டும். 1:45இலிருந்து 1:40க்கு கிட்டத்தட்ட 48 வாட். எல்லாம் அதே ஐந்து நொடிதான். ஆகவே தீவிரத்தைக் கணக்கிடும்போது நேரத்தின் சதவீதத்தை எடுக்காதீர்கள். வாட்டின் சதவீதத்தை எடுங்கள்.

படி 3: இதயத்தின் கீழ் எல்லையும் மேல் எல்லையும்

காலையில் கண் விழித்ததும், எழுந்து காப்பி கலக்கும் முன்பு, நாடியை எண்ணுங்கள். நான்கைந்து காலைகளின் சராசரி உங்கள் ஓய்வுத் துடிப்பு.

மேல் எல்லைக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு எல்லோருக்கும் தெரியும். 2001இல் தனாகாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட சூத்திரம் பரவாயில்லை: வயதை 0.7ஆல் பெருக்கி, 208இலிருந்து கழிக்க வேண்டும். 42 வயதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், 178. 60 வயதில் பழைய கணக்கு 160 என்கிறது, புதியது 166. இரண்டுமே சராசரிதான், உங்களுடைய உண்மையான உச்சம் இதிலிருந்து பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருக்கலாம். முழுவேகச் சோதனை ஒன்றின் கடைசி நிமிடத்தில் பட்டை காட்டும் எண் இந்தச் சூத்திரங்களை மீறினால், பட்டையை நம்புங்கள். ஓட்டத்தில் கிடைத்த உச்சத்தை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலையில் சில துடிப்புகள் குறைவாக வருவது பலருக்கு உண்டு.

மணிக்கட்டுக் கடிகாரம் துடுப்பில் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. கைப்பிடியை இறுக்கும்போதும் மணிக்கட்டு மடியும்போதும் அதன் ஒளி உணரி தடுமாறும். மார்புப் பட்டை வாங்குங்கள்.

இனி வரும் கணக்குகளுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். செந்தூல்வாசி, பெயர் குமரன், வயது 42, எடை 78 கிலோ, ஓய்வுத் துடிப்பு 62, உச்சம் 178.

படி 4: படிநிலைச் சோதனை

பலரும் நேராக 2000 மீட்டர் முழுவேகச் சோதனைக்குப் போவார்கள். முதல் மாதத்தில் அது வேண்டாம். துடுப்பு நுட்பமே பிடிபடாத நிலையில் அந்த எண் உங்கள் தடுமாற்றத்தைத்தான் அளக்கும். படிநிலைச் சோதனை மென்மையானது, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பத்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். பிறகு 4 நிமிடம் 75 வாட், ஒரு நிமிட ஓய்வு, 4 நிமிடம் 100 வாட், ஓய்வு, பிறகு 125, பிறகு 150. 500 மீட்டர் நேரத்தில் சொன்னால் இவை முறையே 2:47, 2:32, 2:21, 2:13. எடை குறைந்தவர்களும் புதியவர்களும் 50 வாட்டில் தொடங்கி 20 வாட் ஏற்றலாம். இழுப்பு வேகம் நிமிடத்துக்கு 20 முதல் 24க்குள் இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் கடைசி 30 நொடியின் துடிப்பைக் குறியுங்கள். துடிப்பு உச்சத்தின் 85 முதல் 90 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் உடலை வருத்தத் தேவையில்லை.

குமரனுக்குக் கிடைத்தவை 116, 128, 143, 156. 100 வாட்டுக்கும் 150க்கும் இடையில் 28 துடிப்பு ஏறியிருக்கிறது; ஒரு வாட்டுக்கு 0.56. 156இலிருந்து 178ஐ எட்ட இன்னும் 22 துடிப்பு, அதாவது சுமார் 39 வாட். ஆக, துடிப்பு உச்சத்தைத் தொடும்போது அவர் இழுக்கக்கூடியது 189 வாட் என்று மதிப்பிடலாம்.

இதை ஆக்சிஜனாக மாற்ற மானிட்டரின் கலோரிக் கணக்கே உதவும். அது வாட்டை 3.44ஆல் பெருக்கி, 300 கூட்டி, ஒரு மணி நேரக் கலோரியைச் சொல்கிறது. அந்த 300 என்பது 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ எடையுள்ளவருக்கான ஊகம். உங்கள் எடைக்கு மாற்ற, 300க்குப் பதில் கிலோவை 3.78ஆல் பெருக்கிப் போடுங்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கிலோகலோரி என்பதால், கிடைத்ததை 300ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். குமரனுக்கு 3.15 லிட்டர். எடைக்குப் பிரித்தால் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 40 மில்லிலிட்டர்.

படி 5: 2000 மீட்டர்

ஆறேழு வாரம் சீராக இழுத்த பிறகு இதைச் செய்யலாம். எந்த வேகத்தில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், சில நாட்களுக்கு முன் 500 மீட்டரை நான்கு முறை, இடையில் 2 நிமிட ஓய்வோடு இழுத்துப் பாருங்கள். அதன் சராசரியோடு 3 அல்லது 4 நொடி கூட்டினால் பாதுகாப்பான தொடக்கம். முதல் 500 மீட்டரில் எல்லோருக்கும் இறக்கை முளைக்கும். 1200இல் அது உதிரும். திட்டமிட்ட வேகத்தைவிட ஒரு நொடி மெதுவாகத் தொடங்கி, கடைசி 500இல் மிச்சத்தைச் செலவழியுங்கள். முடித்ததும் சட்டென்று நிறுத்தாமல் ஐந்து நிமிடம் மெல்ல இழுங்கள்.

இந்த நேரத்தை ஆக்சிஜன் திறனாக மாற்றும் சூத்திரம், அமெரிக்கத் துடுப்பு வீரர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஓஹையோ பல்கலைக்கழக உடலியலாளர் ஃபிரிட்ஸ் ஹாகர்மனின் பணியிலிருந்து வந்தது. தீவிரப் பயிற்சி பெறாத ஆண்களுக்கு: நேரத்தை நிமிடத்தில் எழுதி 0.9ஆல் பெருக்கி, 10.7இலிருந்து கழியுங்கள். பெண்களுக்கு 0.93ஆல் பெருக்கி, 10.26இலிருந்து கழிக்க வேண்டும். கிடைப்பது நிமிடத்துக்கு லிட்டர். போட்டி வீரர்களுக்கு வேறு சூத்திரங்கள் உண்டு. ஆசைப்பட்டு அவற்றில் உங்கள் நேரத்தைப் போட்டால் அபத்தமான விடைகள் வரும்.

குமரன் 8:30இல் முடித்தார் என்று வைப்போம். நிமிடத்தில் 8.5. விடை 3.05 லிட்டர், கிலோவுக்கு 39 மில்லிலிட்டர். படிநிலைச் சோதனை சொன்ன 40க்கு இது மிக அருகில் இருப்பது மகிழ்ச்சிதான், ஆனால் எப்போதும் இப்படி அமையாது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் 9:00இல் முடித்தால் ஹாகர்மன் கணக்கு 1.89 லிட்டர் தரும். அதே வேகத்தின் 142 வாட்டைக் கலோரிக் கணக்கில் போட்டால் 2.39 வரும். கிலோவுக்கு 31க்கும் 40க்கும் உள்ள இடைவெளி அது. முழுவேகச் சோதனையில் ஒரு பங்கு ஆற்றல் ஆக்சிஜன் இல்லாமலே கிடைக்கிறது. கலோரிக் கணக்கு அதையும் ஆக்சிஜன் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. ஆகவே இரண்டு முறைகளின் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து அதையே தொடருங்கள். உங்கள் 31ஐயும் அலுவலக நண்பரின் கைக்கடிகாரம் சொல்லும் 45ஐயும் மாமாக் கடை மேசையில் தே தாரிக்கோடு ஒப்பிடுவது பொழுதுபோக்கு. அதற்கு மேல் எதுவும் இல்லை.

படி 6: தீவிரத்தின் எல்லைகள்

உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் கிடைப்பது இருப்புத் துடிப்பு. குமரனுக்கு 116. அதில் வேண்டிய சதவீதத்தை எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டுவது கார்வோனன் முறை. பிரிட்டிஷ் துடுப்புப் பயிற்சி மரபு இதை ஐந்தாகப் பிரிக்கிறது. யூடி2 (எளிய, நீண்ட இழுப்பு) என்பது 55 முதல் 70 சதவீதம். குமரனுக்கு 126 முதல் 143. யூடி1 (சற்றுக் கூடுதல்) 80 சதவீதம் வரை, அதாவது 155. ஏடி (ஆக்சிஜன் போதாமல் போகத் தொடங்கும் எல்லை) 85 வரை, 161. டிஆர் (கடினம்) 95 வரை, 172. அதற்கு மேல் ஏஎன் (முழுவேகம்).

வாட்டில் பார்த்தால் குமரனின் 2000 மீட்டர் சராசரி 169 வாட். அதில் 55 முதல் 65 சதவீதம், 93 முதல் 110 வாட் வரை, அவருடைய எளிய பயிற்சி: 500 மீட்டருக்கு 2:36 முதல் 2:27. இதைக் கேட்டதும் பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள். இவ்வளவு மெதுவாகவா? ஆம். நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு. ஒவ்வோர் இழுப்பும் உறுதியாக, முன்னே நகரும்போது நிதானமாக.

எந்தக் கருவியும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி, பேச்சுச் சோதனை: இழுத்துக்கொண்டே ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் இடையில் மூச்சு வாங்காமல் வந்தால் எளிய மண்டலம். முதல் அடி முடிந்ததும் மூச்சு வாங்கினால் நடு மண்டலம். மூன்றாம் சீரிலேயே நின்றுவிட்டால் கடின மண்டலம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு இதுதான் முதன்மைக் கருவி.

நடு மண்டலத்தில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். எளிய நாளில் கொஞ்சம் கூடுதலாக, கடின நாளில் கொஞ்சம் குறைவாக இழுத்து, எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும். உயர்மட்டத் தாங்குதிறன் வீரர்களை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் சுமார் 80 சதவீதம் எளியவை என்று காட்டினார். வாரம் மூன்று முறை மட்டும் உட்காரும் நமக்கு அந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. இரண்டு எளியது, ஒன்று கடினம் என்று வைத்தால் போதும்.

படி 7: வெப்பத்தைக் கணக்கில் எடுத்தல்

குளிர்சாதனம் ஓடும் அறையில் குமரன் 100 வாட்டில் 40 நிமிடம் இழுக்கிறார். முதல் ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு, முன்பாதியின் சராசரித் துடிப்பு 132, பின்பாதியில் 139. ஏறத்தாழ 5 சதவீத நகர்வு. அந்த அளவுக்குள் இருந்தால் ஏரோபிக் அடித்தளம் அந்த வேகத்தைத் தாங்குகிறது என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் அளவுகோல். அடுத்த வாரம் அதே குமரன், அதே 100 வாட், ஆனால் சாயங்காலம் நான்கு மணி, குளிர்சாதனம் பழுது, சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. பின்பாதியில் 147 வந்தாலும் வியப்பதற்கில்லை. ஒரு வாரத்தில் அவர் திறன் குறைந்துவிட்டதா? இல்லை. உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குப் போகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர் அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் தரையில்தான் சொட்டுகிறது.

இங்கே என் விதி இதுதான்: எளிய நாளில் இதயத் துடிப்புக்குக் கீழ்ப்படியுங்கள், கடின நாளில் வாட்டுக்குக் கீழ்ப்படியுங்கள். எளிய நாளில் 143ஐத் தாண்டினால், வாட் 90க்கு இறங்கினாலும் சரி, வேகத்தைக் குறையுங்கள். 4 முறை 8 நிமிடம் போன்ற கடின பயிற்சியில் முதல் சுற்றில் துடிப்பு பின்தங்கியே வரும். அதைத் துரத்தினால் மூன்றாம் சுற்றில் கவிழ்வீர்கள். குமரன் அதை 135 முதல் 142 வாட்டில் இழுக்கட்டும். கடின நாளை முடிந்தவரை அதிகாலைக்கோ குளிரூட்டிய அறைக்கோ தள்ளுங்கள்.

எதிரே ஒரு மேசை விசிறியை வைப்பது பெரிய உதவி. இயந்திரத்தின் சொந்த விசிறி உங்களைக் குளிர்விக்கும் என்று எண்ண வேண்டாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் சன்னலை மூடிவிடுங்கள். அறைக்குள்ளும் புகை வாடை வந்தால் அன்று விடுமுறை. தைப்பூச விரத நாட்களில் ஒருவேளை உணவோடு இருப்பவர்கள் சோதனை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம், எளிய இழுப்பு போதும். அப்புறம், முடித்ததும் இருக்கை ஓடும் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்து வருபவரும் மனிதர்தான்.

படி 8: வாரமும் மறுசோதனையும்

குமரனின் வாரம் இப்படி இருக்கலாம்: செவ்வாயன்று 40 நிமிடம் எளியது, வியாழன் 4 முறை 8 நிமிடம் இடையில் 2 நிமிட ஓய்வோடு, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் எளியது. புதியவர் இந்த நேரங்களைப் பாதியாக்கித் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டட்டும்.

படிநிலைச் சோதனையை நான்கு வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். 2000 மீட்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். சோதனைக் குறிப்பில் வாட்டும் துடிப்பும் மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். டிராக் ஃபேக்டர், அறையின் வெப்பநிலை, நேரம், முந்தைய இரவின் தூக்கம், காப்பி குடித்தீர்களா என்பதையும் சேருங்கள். 125 வாட்டில் 143ஆக இருந்த துடிப்பு 137 ஆகிவிட்டால், முதலில் குறிப்பில் எழுதிய வெப்பநிலையைப் பாருங்கள். போன முறை 29 டிகிரி, இந்த முறை 23 என்றிருந்தால் அதை முன்னேற்றமாக எழுத வேண்டாம்; அடுத்த வாரம் அதே 29 டிகிரி அறையில் மறுபடியும் இழுங்கள்.